கஞ்சன் பாடாத பதினான்கு இடங்கள்

சின்னவள் ஜெயித்ததை எல்லாம் முதலில் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். ஏழாம் மாதத்தில் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பத்தொரு நாள் கிடந்தாள். டாக்டர் கையை விரித்த பிறகும் பிழைத்தாள். பத்து வயதில் மாடிப்படியில் உருண்டு வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கோணலாகத்தான் கூடியது, ஆனால் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலேயே மூன்று வருடம் உட்கார வைத்தார்கள். நான்காவது வருடம் அவளாகவே பையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அதையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பிறகு ரொட்டிக்கடை, சலவைக்கடை, மறுபடியும் ரொட்டிக்கடை. முப்பத்தோராவது வயதில் பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் நடந்த காதுச் சோதனைக்குப் போனாள். வந்தவர்கள் நாற்பது பேர். அவளைத் தவிர எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். திரைக்குப் பின்னாலிருந்து நாற்பது குரல்களைக் கேட்கவிட்டார்கள். முப்பத்தொன்பதுக்குச் சரியாகப் பதில் சொன்னாள். இருபத்து மூன்றாவது குரலுக்கு மட்டும், “இது பறவையே இல்ல சார், யாரோ உதட்டால பண்றாங்க” என்றாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே எட்டிப் பார்த்தார். வேலை அவளுக்குக் கிடைத்தது.

இந்த வரிசையை ஆஸ்பத்திரித் துணி அறையில் பெரியவள் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். போர்வையும் தலையணை உறையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது பெரியவளின் வேலை. எட்டாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் இரண்டு தடவை எண்ணாமல் ஒரு உறைகூட அவள் கதவைத் தாண்டியதில்லை. உறைகளின் ஓரத்தில் வார்டு எண்ணை நூலால் தைப்பதும் அவள்தான். கூட வேலை செய்கிறவள் கேலி செய்வாள்: “அக்கா, உங்க தங்கச்சி கதைய ஆரம்பிச்சிட்டீங்களா? இருங்க, நாற்காலி எடுத்துட்டு வரேன்.”

“எடுத்துட்டு வா. உன் வீட்டுல ஜெயிச்சவங்க யாராச்சும் இருந்தா நீயும் சொல்லு” என்பாள் பெரியவள்.

ஆனால் அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.  சின்னவளுக்கு எழுதத் தெரியாது. படிக்கவும் தெரியாது. தாளில் இருக்கும் எழுத்தை அவள் பார்த்தால் அது ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடும். மூன்றாம் வகுப்பில் மூன்று வருடம் அதனால்தான். அலுவலகத்துக்கோ எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். மனுவை நிரப்பியது பெரியவள். உடைந்த மணிக்கட்டைக் காட்டி, “எழுதினா கை நடுங்குது, பக்கத்துல உட்கார்ந்து எழுத ஒரு ஆள் வேணும்” என்று கேட்டதும் பெரியவள். அனுமதி கிடைத்தது. அந்த ஆளாகவும் அவளே சேர்ந்துகொண்டாள்.

வேலை இப்படித்தான் நடக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, பறவைகள் கூடு கட்டும் பருவத்தில், பெரியவள் துணி அறையில் லீவு சொல்லிவிட்டு வருவாள். விடிந்ததும் இருவரும் சதுப்பு நிலத்தின் கிழக்குக் கரையோரம் தட்டைப் படகில் போவார்கள். கரை நெடுக இருபது இடங்களில் குச்சி நட்டிருக்கும். ஒவ்வொரு குச்சியிலும் படகைக் கட்டிவிட்டு அசையாமல் உட்கார வேண்டும். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாள். பெரியவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி, நிமிடம், எந்தப் பறவை, எந்தத் திசை என்று எழுதுவாள். தாளின் அடியில் இரண்டு கட்டங்கள்: கேட்டவர் கையெழுத்து, எழுதியவர் கையெழுத்து. இரண்டையும் போட்டது பெரியவள்தான். தன்னுடையதை நேராகவும், தங்கையுடையதை இடது பக்கம் சாய்த்தும் போட்டாள். ஒன்பது வருடம். அலுவலகத்திலிருந்து யாராவது தெருமுனையில் வந்தால்கூட அவள் கதவைச் சாத்திவிடுவாள். “கையெழுத்தைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?” என்று மாதம் ஒரு முறையாவது தங்கையைக் கேட்பாள்.

“யாரும் கேக்கல. நீ கேக்கறதுதான் காது கிழியுது” என்பாள் சின்னவள்.

அவர்கள் எண்ண வேண்டியது இரண்டே பறவைகள். பெயர் நாணல் குருவி, கோரைக் குருவி. கட்டைவிரல் நீளம், மண்ணிறம், கண்ணுக்கு மேல் வெளுத்த கோடு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். நாணல் குருவிக்கு நிறுத்தத் தெரியாது. விடிந்ததிலிருந்து சந்தைக்கடை மாதிரி சளசளவென்று கொட்டிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் அதற்கு வாயாடி என்று பெயர். கோரைக் குருவி மூன்று சுரம் பாடும், இறங்கி இறங்கி, பிறகு கதவைச் சாத்திக்கொள்ளும். அடுத்த மூன்றுக்குக் கால்மணி நேரம்கூட ஆகும். அது கஞ்சன்.

குணத்திலும் அப்படித்தான். வாயாடி சாக்கடை ஓரப் புல்லில்கூடக் கூடு கட்டும். ஒரு கூடு போனால் அடுத்த வாரமே இன்னொன்று. கஞ்சனுக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் வேண்டும், அதில் இரண்டு வருடமாவது வெட்டாமல் நிற்கிற முற்றிய கோரை வேண்டும். புதுக் கோரையை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் அலுவலகப் பேரேட்டில் வாயாடி பச்சைப் பக்கத்தில் இருந்தது: கவலைப்பட வேண்டாத இனம். கஞ்சன் சிவப்புப் பக்கத்தில்: அழியும் தறுவாயில் இருக்கும் இனம். சிவப்பில் இருக்கும் வரைக்கும் அந்தச் சதுப்பில் கோரை வெட்டக் கூடாது. பாடும் கஞ்சன் ஐம்பதைத் தாண்டினால் பக்கம் மாறும். மாறினால் பாய்க்கும் கூரைக்கும் கோரை வெட்டுகிற குத்தகைக்காரர்கள் வருடா வருடம் அரிவாளோடு இறங்கலாம்.

ஒரு வருடம் கணக்கு நாற்பத்தொன்று வந்தது.

அதற்கு அடுத்த வருடம்தான் பெட்டி வந்தது. செங்கல் அளவு ஒலிபெருக்கி, உள்ளே பதிவு செய்த கஞ்சன் பாட்டு. ஒவ்வொரு குச்சியிலும் அரை நிமிடம் அதைப் பாடவிட வேண்டும். தன் இடத்தில் வேறு ஒருவன் வந்துவிட்டான் என்று ரோசப்பட்டு நிஜக் கஞ்சன் பதில் சொல்லும்; அப்போது எண்ணிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். கிழக்குக் கரைக்கு ஒரு பெட்டி, மேற்குக் கரைக்கு ஒரு பெட்டி, இரண்டிலும் ஒரே பதிவு. மேற்குக் கரையைக் கேட்பவர் கண்ணாடிக்காரர். இருபது வருட அனுபவம், தடித்த கண்ணாடி, அவரே கேட்டு அவரே எழுதிக்கொள்வார். வழக்கமாக ஒரு நாள் அவர், மறுநாள் இவர்கள். அந்த வருடம் மூன்று நாள் விடாமல் மழை. நாள் போதாமல் இரண்டு கரையையும் ஒரே காலையில் முடித்துவிடச் சொன்னார்கள். அதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சின்னவளின் விரல் இறங்கவே இல்லை. முப்பத்து மூன்று கஞ்சன். பெரியவளுக்கு எழுதிக் கை வலித்தது. கண்ணாடிக்காரர் முப்பத்து நான்கு கொண்டுவந்தார். மொத்தம் அறுபத்தேழு. அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். பேரேட்டைத் திருத்தும் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

எட்டு நாள் கழித்து, ஞாயிறு மதியம், சின்னவள் சமையலறை மேடையில் பெட்டியை வைத்துப் பேட்டரி பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி மூன்று சுரம் பாடியது. மறுபடி பாடியது. ஐந்தாவது தடவைக்கு மேல் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

“அடியே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நிறுத்தித் தொலை.”

சின்னவள் நிறுத்தவில்லை. பெட்டியைத் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். 

“அக்கா, தண்ணிய மூடு.”

குழாயை மூடினாள்.

“மூணாவது சுரம் முடிஞ்சதும் கேளு. பின்னால, தூரத்துல. ஒரே ஒரு ‘ட்ரிக்.’”

பெரியவள் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை, தரையில் குண்டூசி விழுந்ததுபோல ஏதோ கேட்டது.

“அது வாயாடி. இந்தப் பாட்டைப் பதிவு பண்ணப்போ பின்னால எங்கயோ ஒரு வாயாடி கத்தியிருக்கு. அதுவும் சேர்ந்து பதிஞ்சிருக்கு.”

“கத்திட்டுப் போகட்டும். அது கத்தாத இடம் எது?”

“அதான் நானும் அன்னிக்கு நினைச்சேன்.” சின்னவளின் குரல் உள்ளே போய்விட்டது. “தண்ணிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்ட கஞ்சன் எல்லாத்துக்கும் பின்னால இந்த ‘ட்ரிக்’ இருந்துச்சு அக்கா. ஒவ்வொண்ணுக்கும். அதே இடத்துல. வாயாடிதான் எங்கயும் இருக்கேன்னு விட்டுட்டேன். அது பறவை இல்ல. கண்ணாடிக்காரரோட பெட்டி.”

பெரியவள் ஈரக் கையோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அப்போ நம்ம பெட்டிய அவரு...”

“அவரு நம்ம பெட்டிய எண்ணியிருக்காரு. நாம அவரு பெட்டிய எண்ணியிருக்கோம்.”

பெரியவள் எல்லாத் தாளுக்கும் ஒரு நகல் வைத்திருப்பாள். அதை எடுத்து வந்து, மேற்குத் திசையிலிருந்து கேட்டவை எவை என்று சொல்லச் சொல்லிப் பென்சிலால் வட்டம் போட்டாள். பதினான்கு வட்டம். இரண்டாவது தடவை எண்ணினாள். பதினான்கேதான்.

அதன் பிறகு அவள் சொன்னதைப் பெருமையாக யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. “வெளிய மூச்சு விடாதே” என்றாள்.

“என்னக்கா பேசற?”

“தப்புன்னு சொன்னா விசாரணை வைப்பாங்க. கேட்டவங்க யாரு, எழுதினவங்க யாருன்னு கூப்பிட்டு உட்கார வைப்பாங்க. உன் கையில ஒரு பேனாவ குடுப்பாங்க. அப்புறம்? உன் வேலை போச்சு. திரும்ப ரொட்டிக்கடைக்கா போவ?”

“சொல்லலைன்னா கஞ்சன் சிவப்புலேர்ந்து போயிடும். கோரைய வெட்டிடுவாங்க. வாயாடி சாக்கடைக்குப் போய்ப் பொழச்சுக்கும். இது எங்க போகும்?”

“அந்தக் குருவியா உனக்குச் சோறு போடுது?”

“ஆமா” என்றாள் சின்னவள். “அதுதான் போடுது.”

பெரியவள் மறுபடி குழாயைத் திறந்தாள். அன்று முழுதும் அவள் வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. துடைத்த அலமாரியையே திரும்பத் துடைத்தாள். கதவு தட்டும் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டால்கூடத் திடுக்கிட்டாள். போலிக் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்று யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. கேட்டாலே மாட்டிக்கொள்வோமோ என்று பயம். மறுநாள் துணி அறையில் அவள் கணக்கில் இரண்டு போர்வை உதைத்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா? இன்னிக்குத் தங்கச்சி புராணமும் இல்ல” என்றாள் கூட வேலை செய்கிறவள்.

பெரியவள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் சின்னவள் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. உள்ளே போக அவளுக்கும் கால் வரவில்லை.

“நீ எதுக்கு வந்த?” என்றாள் சின்னவள்.

“உன்னைத் தனியா விட்டுடுவேனா? நட.”

அலுவலகத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அதிர்ந்து பேசாதவர், அதனாலேயே பெரியவளுக்கு அவரைக் கண்டால் பயம். சின்னவள் சொல்லி முடித்ததும் மேடம் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கேட்டார். சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது.

“இருபது வருஷமா கேக்கறேன் மேடம். பறவைக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? என் காது என்ன வாடகைக் காதா?”

“உங்க காது நல்ல காதுதான் சார்” என்றாள் சின்னவள். “என் காதும் நல்ல காதுதான். ரெண்டும் சேர்ந்துதான் ஏமாந்துடுச்சு.”

“நீ ஏமாந்திருப்ப. அதுக்கு என்னை ஏம்மா துணைக்குக் கூப்பிடற?”

 தங்கையை ஒருவர் அப்படிப் பேசியதும் பெரியவளுக்குப் பயத்தைத் தாண்டி வேறு ஏதோ முன்னால் வந்தது. “சார், உங்க தாள்ல மணி போட்டிருக்கீங்களா?”

“போடாம இருப்பேனா?”

“எடுத்துட்டு வாங்க. பக்கத்துல வச்சுப் பாப்போம்.”

இரண்டு தாளும் மேசைக்கு வந்தன. பெரியவள் தன் தாளில் பெட்டி பாடவிட்ட நிமிடத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆறு பன்னிரண்டு. மேடம் மற்ற தாளில் விரலை ஓட்டினார்: ஆறு பன்னிரண்டு, கிழக்கே ஒரு கஞ்சன். ஆறு இருபத்து மூன்று. ஆறு இருபத்து மூன்று, கிழக்கே ஒரு கஞ்சன். ஆறு முப்பத்தைந்து. அதுவும். எட்டாவது வரிக்கு வருவதற்குள் கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ மேடம்” என்றார். “இவங்க பெட்டிய எழுதி எழுதி எனக்கு மை தீர்ந்துபோச்சே. வாழ்நாள்ல இவ்ளோ கஞ்சன் கேட்டதில்லைன்னு வீட்டுல போய்ச் சொல்லி, என் பொண்டாட்டி பலகாரம் வேற பண்ணிக் குடுத்தா.”

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் கோபிக்கவும் இல்லை. பெட்டி இல்லாமல், ஒரு கரைக்கு ஒரு நாளாக, மறுகணக்கு எடுக்கச் சொன்னார். அந்த வாரம் சனிக்கிழமை கண்ணாடிக்காரர், ஞாயிற்றுக்கிழமை இவர்கள். மேடமே கரையில் வந்து நின்றார். கிழக்கில் பத்தொன்பது. மேற்கில் இருபது. மொத்தம் முப்பத்தொன்பது, போன வருடத்தைவிட இரண்டு குறைவு. கஞ்சன் கூடவும் இல்லை, தப்பித்துவிடவும் இல்லை.

திங்கட்கிழமை காலை மறுகணக்குத் தாள் மேடத்தின் மேசையில் இருந்தது. மேடம் அதைத் திருப்பிச் சின்னவள் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடுங்க.”

பழக்கத்தில் பெரியவளின் கைதான் நீண்டது. பேனாவை எடுத்தேவிட்டாள்.

“நீங்க இல்ல. உங்க கட்டம் கீழ இருக்கு. இது கேட்டவங்க கட்டம். மறுகணக்குக்கு அதிகாரி முன்னாடி அவங்களேதான் போடணும்.”

“அவளுக்கு மணிக்கட்டு...”

“நேத்து அந்தக் கையாலதான் துடுப்புப் போட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்.”

  ஒன்பது வருடமாகப் பயந்த அந்த ஒரு நிமிடம் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டது. பெரியவள் தரை ஓடுகளை எண்ணத் தொடங்கினாள். பதினொன்றுக்கு மேல் போக முடியவில்லை.

சின்னவள்தான் பேசினாள். “எனக்கு எழுதத் தெரியாது மேடம். எழுத்து எனக்கு நிக்காது. எறும்பு மாதிரி ஓடும்.”

“அப்போ இந்த ஒன்பது வருஷம்?”

“நான்தான் மேடம்” என்றாள் பெரியவள். “ரெண்டு கட்டத்துலயும் நான்தான். அவ மேல தப்பில்ல. கேட்டது எல்லாம் அவ. பொய் எழுதினது அந்த ஒரு இடத்துல மட்டும்தான்.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.  “பழைய தாளை எல்லாம் செல்லாதுன்னு சொன்னா, ஒன்பது வருஷக் கிழக்குக் கரைக் கணக்கே போயிடும். கஞ்சனைப் பத்திப் பேச நம்ம கையில ஒண்ணும் இருக்காது. நடந்ததை நான் மேல எழுதியாகணும். ஆனா இவங்க இங்க, என் முன்னாடி, தன் கையால தன் பேரை எழுதினா, கேட்ட ஆள் இவங்கதான், அக்கா இவங்களுக்காகப் போட்டாங்கன்னு நான் சாட்சி எழுத முடியும். கைநாட்டு செல்லாது. வெள்ளிக்கிழமை கூட்டம். வியாழன் மதியம் பன்னெண்டு வரைக்கும் தாள் இந்த மேசையில இருக்கும்.” பிறகு பெரியவளைப் பார்த்தார். “நீங்க இனிமே படகுல எழுத உட்கார முடியாது. அதை என்னால காப்பாத்த முடியாது.”

“சரி மேடம்” என்றாள் பெரியவள். வெளியே வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது.

மூன்று நாள். திங்கள் மாலை பேனாவும் தாளும் வைத்து உட்கார்ந்தார்கள். பெரியவள் தங்கையின் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினாள், நான்கே எழுத்து. சின்னவள் அதைப் பார்த்தாள், அவை ஓடின. ஒரு எழுத்து தலைகீழாக வந்தது. இன்னொன்று வரவே இல்லை. நாற்பது தாள் வீணாயிற்று. சின்னவள் பேனாவை வீசி எறிந்தாள்.

“மூணு வருஷத்துல டீச்சருங்களால முடியல. மூணு நாள்ல நீ கிழிக்கப் போறியா?”

“கிழிக்கத்தான் போறேன். உட்காருடி.”

உட்காருடி என்று சொன்னாளே தவிர, பெரியவளுக்கும் வழி தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை துணி அறையில் வார்டு எண் தைத்துக்கொண்டிருந்தபோது, தைத்து முடித்த எண்ணை வழக்கம்போல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். நூல் மேடாக விரலில் தட்டுப்பட்டது. அது ஓடவில்லை. தைத்த இடத்திலேயே இருந்தது.

அன்று மாலை, கிழிந்துபோன பழைய தலையணை உறை ஒன்றில், தடித்த நூலை மூன்று புரி சேர்த்து, அந்த நான்கு எழுத்தையும் உள்ளங்கை அளவுக்குத் தைத்தாள். எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே ஒரு முடிச்சு. எங்கே கையைத் தூக்க வேண்டுமோ அங்கே இரண்டு முடிச்சு. “கண்ணை மூடிக்க. பாக்காதே. தடவு” என்றாள்.

சின்னவள் படகில் உட்காருவதுபோல உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முதல் எழுத்தை விரலால் சுற்றி வந்தாள். மறுபடி. மறுபடி. “இது ஓடலக்கா” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

புதன் மதியத்துக்குள் மேசைமேல் விரலால் நான்கையும் எழுதினாள். புதன் மாலை பேனா பிடித்தாள். கண்ணை மூடி எழுதியதில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன. பத்துத் தடவையில் நான்கு தடவை படிக்கும்படி வந்தது. பத்தில் நான்கு. வியாழன் காலை அலுவலகப் படியேறும்போது பெரியவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மீதி ஆறில் ஒன்று வந்துவிட்டால்?

மேடம் தாளை எடுத்து வைத்தார். கண்ணாடிக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டவர் கட்டம் விரல் அகலம்தான் இருந்தது. இவ்வளவு சின்னதா என்று பெரியவள் குனிந்து பார்த்தாள்.

“கண்ண மூடிக்கலாமா மேடம்?” என்றாள் சின்னவள்.

“மூடிக்கோங்க.”

சின்னவள் இடது கையால் கட்டத்தின் ஓரத்தைத் தடவி, அங்கே பேனா முனையை வைத்தாள். கண்ணை மூடினாள். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. பேனா நின்றுவிட்டது.  பெரியவள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விட்டால் அவை தாமாகவே போய்ப் பேனாவைப் பிடுங்கிவிடும் என்று பயமாக இருந்தது. கண்ணாடிக்காரர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே இருக்கும் ஆளே தெரியாது.

“அவசரமில்ல” என்றார் மேடம். “கஞ்சன் மாதிரி நேரம் எடுத்துக்கோங்க.”

சின்னவளின் உதடு கொஞ்சம் விரிந்தது. மூன்றாவது எழுத்து வந்தது. நான்காவது எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போய்ச் சாய்ந்து நின்றது. அவள் பேனாவைத் தூக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். தாளைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள்.

பெரியவள் தாளைப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். நான்கும் இருந்தன.

“வெளிய போயிடுச்சு மேடம்” என்றாள் பெரியவள்.

“போனா என்ன? படிக்க முடியுது” என்று மேடம் முத்திரையை எடுத்தார். அந்தத் தாளை வைத்துத்தான் மறுநாள் கூட்டத்தில் கஞ்சனைச் சிவப்புப் பக்கத்திலேயே இருத்தினார்கள். கிழக்குக் கரையைக் கேட்கும் வேலை சின்னவளிடமே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதத்தான் வேறு ஒரு பெண்ணைப் போட்டார்கள். ஆனால் அந்த நிமிடம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போட வேண்டியிருந்தது. பெரியவள் இனி அந்தத் தாளைத் தொடக் கூடாது. சின்னவளுக்கு எண் வராது. கண்ணாடிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, தன் நல்ல பேனாவால், நிதானமாக எழுதினார்: 2019 மே 9, வியாழக்கிழமை.